வலி குறைந்த நேரம்

மார்ச் 3, செவ்வாய்
விரல்கள் மடங்க ஐம்பது நிமிடம். வலி பத்துக்கு 7. கண் வறட்சி, வாய் வறட்சி. முடக்குவாதம் கொடுத்த இன்னொரு வறட்சியும் உண்டு. அதை இந்த வலிக் குறிப்பு நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அவர் இன்றும் கூடத்துச் சோபாவில்தான். நான்கு மாதமாகிறது. அன்றிரவு நெருங்கி வந்தபோது வலி தாங்காமல் கத்திவிட்டேன். மறுநாளே தலையணையோடு வெளியேறினார்.

மார்ச் 5
அவருக்கு என் மேல் அருவருப்பா? மாத்திரையில் முகம் வேறு உப்பிக் கிடக்கிறது. கேட்டால் சொல்லிவிடுவார். அதனால்தான் கேட்கவில்லை.

மார்ச் 9, திங்கள்
இதையெல்லாம் பிரார்த்தனையில் கேட்கலாமா என்று கூச்சம். உடம்பைக் கொடுத்தவரிடம் கேட்காமல் வேறு யாரிடம்? கேட்டேன். அந்தத் தைரியத்திலேயே டாக்டரம்மாவிடமும் கேட்டுவிட்டேன்.

"மூணு வருஷமா ஏம்மா சொல்லல?"

"நீங்க ஏன் டாக்டர் கேக்கல?"

சிரித்துவிட்டார். இந்த நோயில் இது சகஜமாம். வறட்சிக்குக் களிம்பு, முன்னதாக வெந்நீர்க் குளியல், முழங்காலுக்கு அடியில் தலையணை. "வலி கொறைவா இருக்கற நேரமாப் பாருங்க. ராத்திரிதான்னு சட்டமா என்ன?"

மார்ச் 10
ஆறு மாத வலிக் குறிப்பைக் கூட்டிச் சராசரி பார்த்தேன். காலை 7. இரவு 6. பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை — 2! மறுபடி கூட்டினேன். அதே 2.

மார்ச் 12, வியாழன்
நோட்டோடு போய்ச் சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னைப் பாக்கவே புடிக்கலயா?"

"லூசாடி நீ? நான் தொட்டுத்தான் உனக்கு நோய் ஏறுதோன்னு பயந்து செத்துக்கிட்டு இருக்கேன்."

நாலு மாசம்! ரெண்டு பேர் வாயிலயும் பூட்டா போட்டிருந்துச்சு? அழுது முடித்து நோட்டைக் காட்டினேன்.

"சனிக்கிழமை உங்க அச்சகம் அரை நாள்தானே? மூணு மணி."

"பட்டப்பகல்லயா?" மனிதருக்குக் காது சிவந்துவிட்டது.

"ஏன், நல்ல நேரம் பாக்கணுமா?"

மார்ச் 14, சனி
நடுவில் இடுப்பு பிடித்துக்கொண்டது. "நிறுத்தட்டா?" என்றார். "நிறுத்தாதீங்க, திரும்பிப் படுங்க" என்றேன். நான் இப்படி அதட்டி அவர் பார்த்ததே இல்லையாம்.

நாத்தனார் நான்கு முறை போன் செய்திருக்கிறாள். ஐந்தே காலுக்குத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"எங்க அண்ணி போனீங்க ரெண்டு பேரும்?"

"எங்கயும் போகலயே."

"அப்ப அண்ணன் எங்க?"

"உள்ள. கட்டில்ல தூங்கறார்."