கோழி தொட்ட கை

பக்கத்து வீட்டுச் செல்வி இன்று காலையில் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே கோழிக்குஞ்சுகள்.

"அக்கா, மழை பிடிச்சிருச்சு. வீடெல்லாம் நாத்தம். இதுங்கள வெளிய கூட்டுல விட்டுறலாமா?"

பெட்டியைத் திறந்ததும் ஈர மரத்தூளும் தவிடும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. என்னங்க, நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. ஒரு குஞ்சை எடுத்து, நீங்கள் செய்வதுபோலவே முதுகில் ஊதிப் பார்த்தேன். பூமயிர் விலகித் தோல் தெரிந்தது.

"இன்னும் ரெண்டு வாரம் போவட்டும்லா," என்றேன்.

இதையேதான் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை.

அன்று நம்மிடம் பதினெட்டுக் குஞ்சுகள். பொரித்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தேன். கந்த சஷ்டி தொடங்கிய அன்று அவற்றுக்கு இருபத்து மூன்று நாள். நமக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. அந்த முறை ஆறு நாளும் ஒரு குறையும் வைக்காமல் விரதம் இருந்தால் முருகன் கண் திறப்பான் என்று நம்பினேன். இரண்டே அறை உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் விளக்கும் கோழி எச்சமும் ஒன்றாக இருக்கலாமா? இன்றைக்கே வெளியே போகவேண்டும் என்றேன்.

"முதுகுல எறகு மூடல புள்ள. குளிருல விறைச்சிரும்."

"சாமி காரியம்ங்க."

"உன் முருகன் கொடியிலயே சேவல் நிக்குதுலா. அதை யாரு வெளிய துரத்துனா?"

நான் சிரிக்கவில்லை. பெட்டியை நீங்களே கொண்டுபோய்க் கூட்டில் வைத்தீர்கள்.

தேயிலைத் தூள் சலிக்கும் வேலையில் உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்சு இழுக்கும். அப்படியும் தினம் சாயங்காலம் வேலை விட்டதும் நேரே கூட்டுக்குத்தான் போவீர்கள். ஈரச்சாக்கை மாற்றி, சந்துகளை அடைத்து, அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு, வாடிக் கிடக்கும் குஞ்சைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றுவீர்கள். அதெல்லாம் முடித்து வாசலுக்கு வந்தால் நான் நிலைப்படியில் நிற்பேன்.

"கோழி தொட்ட கையோட உள்ள வராதீங்க. தலைக்கு ஊத்திட்டு வாங்க."

வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கலாம். அடுப்பில் நைவேத்தியம் இருந்தது. குழாயடியில் வந்தது மலைத்தண்ணீர். ஐந்தாம் நாள் உங்கள் உதடு நீலம் பாரித்திருந்தது.

"நாளைக்கு ஒரு நாள்தானேங்க," என்றேன்.

"ஆமா. ஒரு நாள்தானே," என்று பல் கிடுகிடுக்க நீங்களும் சொன்னீர்கள்.

சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் உங்களுக்கு அனலாய்க் காய்ந்தது. தோட்டத்து லோரியில் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். உங்கள் அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"எப்படிடா இம்புட்டுக் குளிரு ஏறுச்சு?"

பதில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரே ஒரு பார்வை.

"மழைம்மா. குடை எடுத்துட்டுப் போவல."

அத்தை தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், "குஞ்சுங்க?" என்று கேட்டீர்கள்.

"பதினெட்டும் இருக்குங்க."

அதன் பிறகு நான்கு நாள்தான்.

அத்தை தன் கடைசி வருடம்வரை அந்த மழையைத் திட்டினார்கள். "ஒரு குடை எடுத்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். இப்போதும் சஷ்டி இருக்கிறேன், ஆறு நாளும். முருகனிடம் எதையும் கேட்பதில்லை. அவனுக்கும் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததை இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

ஆறு நாளும் நீங்கள் குடை எடுத்துத்தான் போனீர்கள். அது வாசலில் விரித்தபடி உலர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் குழாயடியில் நின்றுகொண்டிருப்பீர்கள்.