வலது மட்கார்டில் நம்பர் பலகை

பிரியமுள்ள மச்சானுக்கு,

நம்பர் பலகையை இடம் மாற்றிவிட்டோம். இப்போது அது வண்டிக்குப் பின்னால் தொங்கவில்லை. வலது மட்கார்டில், வளைந்த இரும்புக் கை ஒன்றின் நுனியில், அசையாமல் இருக்கிறது. அதற்கென்று ஒரு சின்ன விளக்கும் வைத்திருக்கிறோம்.

கோபப்படுவீர்களா? சிரிப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மாசியில் களத்து மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழவில்லை. அன்றிலிருந்து வண்டி வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றது. கோழிகள் அடியில் படுத்துக்கொண்டன. அக்கா சன்னலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட மோட்டார் வண்டி அது. காய்ச்சலில் அக்காவுக்குக் கால் இரண்டும் விழுந்த வருஷம் அதை வாங்கி வந்து, பின்பக்கத்தை அறுத்து எடுத்தீர்கள். கீழே கீல் வைத்து ஒரு மரக்கதவு போட்டீர்கள். கதவைத் தரையில் சாய்த்தால் சரிவு. சைக்கிள் சக்கரம் பூட்டிய நாற்காலியில் உட்கார்ந்தபடியே அக்கா அதில் ஏறிவிடுவாள். கன்றுக்குட்டி ஏற்றுகிற வண்டியா என்று ஊரில் கேலி பேசினார்கள். பிறர் தூக்கி ஏற்றுவது அவளுக்குப் பிடிக்காது என்பதை நீங்கள் ஒருவருக்கும் விளக்கவில்லை.

சரிவு ஒரே நாளில் அமைந்தது. நம்பர் பலகைதான் அமையவில்லை.

கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான் அந்தக் கூத்தை முழுக்கப் பார்த்தேன். முதலில் கதவின் மேலேயே அடித்தீர்கள். தொண்டிக் கடற்கரையில் கதவைச் சாய்க்கச் சாய்க்க மணல் உரசி, கடைசி எண் காணாமல் போனது. பிறகு கதவுக்குக் கீழே, அடிச்சட்டத்தில் திருகாணி போட்டு முடுக்கினீர்கள். கண்மாய்க் கரைப் பாதையில் முதல் மேடு இடித்ததும் அது மடங்கியது. தட்டி நிமிர்த்தினோம். அடுத்த மேட்டில் மறுபடி மடங்கியது.

ஒருநாள் அம்மா குனிந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் வைத்த கண் வாங்காமல் அவள் காதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மருமகன் இப்படிப் பார்க்கிறாரே என்று அவள் கூசிப்போய் முந்தானையை இழுத்துவிட்டாள்.

“தண்டட்டியப் பாரு மாப்ளே,” என்றீர்கள் என்னிடம். “தலை எங்கிட்டுச் சாஞ்சாலும் அது நேராத்தான தொங்குது.”

சாயங்காலத்துக்குள் பலகைக்கு இரண்டு வளையம் கோத்துத் தொங்கவிட்டாயிற்று. மேடு இடித்தால் அது பின்னால் போகும். தாண்டியதும் திரும்பி வரும். வண்டிக்குக் காது குத்தியாச்சு என்று அக்காவிடம் போய்ச் சொன்னீர்கள். நோவு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

ஆடிக்கொண்டே ஓடுகிற எண்ணை யார் படிப்பது? உங்களுக்கு அது தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் உங்கள் வண்டியை அடையாளம் தெரிய எண் எதற்கு?

வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டருக்குத் தேவைப்பட்டது. வண்டியை அக்கா பேருக்கு மாற்றப் போனோம். ராமநாதபுரத்தில், ஒரு வேப்பமரத்தடியில் பரிசோதனை. நல்லபடியாக முடிய வேண்டுமென்று அம்மா காலையிலேயே பலகை முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டிருந்தாள். இது மூன்றா எட்டா என்று கேட்டார் அவர். துடைத்துக் காட்டினேன். வளையத்தில் விரலை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பலகை ஊஞ்சலாடியது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். செல்லாது என்றார்.

கூட வந்திருந்த உங்கள் அண்ணன் அதற்கு வழி வைத்திருந்தார். “கதவ தெறக்காதபடி நல்லா முடுக்கிட்டு அது மேலேயே பலகைய அடிச்சிருவோம். வெள்ளச் சேலை கட்டுனவளுக்கு இனி எங்கன போக வேண்டியிருக்கு?”

அவர் கெட்டவர் இல்லை, உங்களுக்குத் தெரியும். அவருக்கு அது ஒரு யோசனை. அவ்வளவுதான்.

வண்டிக்குள் இருந்த அக்கா கதவைச் சாய்க்கச் சொன்னாள். தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு இறங்கினாள். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் போய் நின்றாள். நாற்காலியில் இருப்பவளை ‘நின்றாள்’ என்று எழுதுவது சரியா? எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

“பலகைய எங்கன மாட்டச் சொன்னாலும் மாட்டுறோம் ஐயா. கதவு மட்டும் தெறக்கணும்.”

அவர் உருகிவிடவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். எண் அசையக்கூடாது, தூரத்திலிருந்து தெரிய வேண்டும், இருட்டினால் வெளிச்சம் விழ வேண்டும், கதவு உங்கள் பாடு என்று சொல்லி, சரிசெய்துகொண்டு வரச் சொன்னார்.

மட்கார்டு உருண்டை. பலகை தட்டை. பட்டறைக்காரர் அடித்துத் தந்த முதல் கை நீளமாகப் போய், ஆர்.எஸ். மங்கலம் போவதற்குள் ஒரு கருவேல மரத்தில் சிக்கி வளைந்தது. இரண்டாவதைக் குட்டையாக அடித்தார். கதவு திறந்தால் அதில் இடித்தது. அக்கா தெருவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மேலே, இன்னும் மேலே, உள்ளே தள்ளு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது கை பொருந்தியது. இன்ஸ்பெக்டர் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை அக்கா தொண்டிக்குப் போக வேண்டும் என்றாள். உங்கள் அண்ணன் வாசலுக்கு வந்து, வருஷம் கழியட்டும் தாயி என்றார். அவள் குரலை உயர்த்தவில்லை.

“வீட்டுலயே இருந்து பார்த்தாச்சு அத்தான். போயிட்டு வாரேன்.”

கடற்கரையில் கதவைச் சாய்த்தேன். இறங்கினாள். சக்கரம் மணலில் புதைந்தது, அவள் பொருட்படுத்தவில்லை. வலை காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் எப்போதும் வண்டியை நிறுத்துகிற இடம்தான். அழுவாளோ என்று நான் தள்ளி நின்றேன். காற்றில் சேலைத் தலைப்பு பறந்தது. அதைப் பிடிப்பதிலேயே இருந்தாள். அழுதாளா? தெரியவில்லை மச்சான். முதுகைத்தான் பார்த்தேன்.

நேற்றுக் காலை உங்கள் அண்ணன் வந்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு, தன் வீட்டுக்காரிக்கு முட்டுவலி, பஸ் படி ஏற முடியவில்லை, திருப்புல்லாணிக்குப் போய் சாமி கும்பிட வேண்டும் என்கிறாள் என்றார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

“வண்டி கெடைக்குமா தாயி?”

“கெடைக்கும் அத்தான். நானும் வாரேன்.”

கதவைச் சாய்த்தேன். முதலில் வண்டிக்குச் சொந்தக்காரியான அக்கா ஏறினாள். பிறகு உங்கள் அண்ணன் தன் மனைவியின் கையைப் பிடித்து, கதவின் மேல் அடி அடியாக நடத்தி ஏற்றினார்.

கீலுக்கு எண்ணெய் போடுவதை நான் எடுத்துக்கொண்டேன். நான் இருக்கும்வரை அந்தக் கதவை யாரும் முடுக்க மாட்டார்கள், மச்சான். அக்கா கை காட்டுகிற பக்கம் ஓட்டுவேன்.

உங்கள் வீட்டுக்காரியின் தம்பி,
உங்கள் மாப்ளே