எண்ணூர் என்று தேடினால்

இன்று காலை ரயில் எண்ணூரை நெருங்கியதும் கழிமுகத்துச் சேற்று வாடை ஜன்னல் வழியே வந்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நீயோ இறால் சேகரிக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டு, அந்த வாடையோடே கல்லூரி நூலகத்துக்கு வந்து, நூலகரான என் எதிரே உட்காருவாய்.

அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் இறால் என்ன ஆகிறது என்று அரசுப் பணத்தில் ஆய்வு செய்தாய். கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. கல்லூரியில் கேக் வெட்டினார்கள். குப்பத்தில் கையால் இறால் பிடிக்கும் அக்கா மட்டும் உன்னிடம் கேட்டார்: "எங்க ஆத்தப் பத்தி எழுதிக்கீற, எங்களுக்கே பூட்டு போட்டு வெச்சிக்கீற?"

சந்தா கட்டாதவருக்கு அந்த இதழின் இணையப் பக்கம் திறக்காது. நீ நேரே என்னிடம் வந்தாய். அச்சுக்கு முந்தைய படியை வெளியிட இதழின் விதி இடம் கொடுத்தது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நம் கல்லூரியின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றினோம். அப்புறமும் தேடினால் கிடைக்கவில்லை. தலைப்பில் 'தென்னிந்தியக் கழிமுகம் ஒன்று' என்றுதான் இருந்தது.

"ஊர் பேரே இல்லாம போட்டா எவன்டி தேடுவான்?" என்று உன்மேலேயே எரிந்து விழுந்தாய். அன்றே தமிழில் சுருக்கம் எழுதி, எண்ணூர், இறால், சாம்பல் என்று தேடுசொற்களைச் சேர்த்தாய். பிறகு ஒவ்வொரு துறையாகப் போய் மற்றவர்களின் கட்டுரைகளையும் களஞ்சியத்துக்காகக் கேட்டாய். பலர் நாளைக்கு என்றார்கள். நீ மறுநாளும் போய் நின்றாய். நோய் உன்னை மருத்துவமனையில் படுக்க வைத்த பிறகும், கடைசி நாள் வரை, எந்தக் கட்டுரை ஏறியது என்றுதான் என்னைக் கேட்டாய்.

போன மாதம் ஆற்றைப் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அந்த அக்கா உன் கட்டுரையை நீட்டினார். எங்கே கிடைத்தது என்றார் அதிகாரி. "எண்ணூர் இறால்னு போன்ல போட்டோம், வந்துச்சு." அதிகாரி அதைக் குப்பத்தாரின் மனுவோடு சேர்த்துக்கொண்டார். உன்னிடம் சொல்லத் திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் யாரோ பை வைத்திருந்தார்கள்.

இப்போது நான்தான் துறைதுறையாகப் போகிறேன். உன் கட்டுரையின் கீழே தொடர்புக்கு என் முகவரியைப் போட்டிருக்கிறேன். 'வணக்கம் மேடம்' என்று உனக்கு வரும் கேள்விகளுக்கெல்லாம் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். நேற்று பக்கத்துக் காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறாள்: இப்போது இறால் எப்படி இருக்கிறது, மறுபடி பார்த்தீர்களா?

அதற்கு மட்டும் எழுத முடியவில்லை. உனக்குப் பின் யாரும் அந்தத் தண்ணீரில் இறங்கிப் பார்க்கவில்லை.