வேலிக்கு வெளியே ஒரு பலகை

அன்பு மகன் இலாரிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் யாவரும் சுகம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். பசு கன்று போட்டது, அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை, ஈஸ்டர் ரொட்டி சுட்டிருக்கிறாள், தொட ஆளில்லை. போனில் நீ அழுததில் மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தூக்கத்திலேயே போய்விட்ட உன் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்க விடவில்லை. வேலிக்கு வெளியே பிளம் மரத்தடியில் வைத்தோம், மணி அடிக்கவில்லை, ஜெபம் இல்லை. பாதிரியார் சிமியோன் கெட்டவர் அல்ல, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் ஆதாமின் தீர்ப்பு பிறக்கும்போதே எல்லோர் மேலும் இருக்கிறது, அதைத் தீர்க்கத்தான் கிறிஸ்து செத்தார், ஞானஸ்நானம் இல்லாமல் அந்தச் சாவில் பங்கு கிடையாது, இந்தப் பிள்ளைக்கு வாசிக்க என்னிடம் ஜெபம் இல்லை என்றார். உன் மனைவி தோக்கியா கோவில் சுவரில் இருக்கும் சிலுவைப் படத்தைக் காட்டினாள். சிலுவையடியில் ஆதாமின் மண்டையோடு, அதன்மேல் ரத்தம் சொட்டுமே, சின்ன வயதில் அதைப் பார்த்துப் பயந்து என் கோட்டுக்குள் ஒளிந்துகொள்வாயே, அதுதான். "சாமி, பழத்தைத் தின்னவன் தலையிலயே ரத்தம் விழுது. அவனுக்கு யாரு ஞானஸ்நானம் குடுத்தா? எம்புள்ள என் பாலைத் தவிர எதையும் தின்னலயே" என்றாள். இத்தனை வருஷம் அந்தக் கோவிலில் பாடுகிற நானும் அன்றுதான் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

ஞானஸ்நானத்துக்கு நீ வேலை செய்யும் ஊரிலிருந்து வாங்கி அனுப்பிய வெள்ளைத் துணி அடக்கத்துக்கு மறுநாள் வேனில் வந்து சேர்ந்தது. நீயும் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றுதான் ஈஸ்டர்வரை தள்ளிப்போட்டோம், எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு அது, நீ ஒருத்தனே தலையில் போட்டுக்கொள்ளாதே. நேற்று பெரிய வெள்ளி. சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் உருவம் தைத்த அடக்கத்துணியை விரித்த மேசைக்கடியில், வருஷா வருஷம் போல, ஊரே தவழ்ந்து போனது. தோக்கியா அந்த வெள்ளைத் துணியைப் பிள்ளை மாதிரிச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள், மறுபக்கம் வரவில்லை. வரிசை நின்றுவிட்டது, பெண்கள் முணுமுணுத்தார்கள். நான் பாட்டை விட்டுவிட்டுக் குனிந்து கூப்பிட்டேன். "ரத்தம் இங்கதானே மாமா சொட்டணும், கொஞ்ச நேரம் இருக்கேன்" என்றாள். யாரும் அவளை இழுக்கவில்லை. வெகு நேரம் கழித்து அவளாகவே வந்தாள், துணி வெள்ளையாகவே இருந்தது இலாரி.

இன்று ராத்திரி உயிர்த்தெழுந்தார் என்று நான்தான் பாடியாக வேண்டும். நம்பிக்கை போய்விட்டது என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடாதே. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும் என்று எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன், உன்னை வேறு யாரிடம் ஒப்படைப்பேன். பட்டினி கிடக்காதே. தோக்கியாவுக்குச் சமாதானம் சொல்லப் பார்க்காதே, அவள் பேசினால் கேட்டுக்கொண்டிரு. பிளம் மரத்தடியில் சிலுவை நடக்கூடாது என்றார்கள், பலகை ஒன்று நட்டிருக்கிறேன். ஞானஸ்நானத்தன்று சொல்வதாக மனதில் ஒரு பெயர் வைத்திருந்தாயே, அதை எழுதி அனுப்பு, பலகை வெறுமையாக இருக்கிறது.

உன் அப்பா,
கவ்ரிலா