ஏழாம் நம்பர் கவுன்

நுவரெலியா
ஐப்பசி, 1957

அன்புள்ள மச்சானுக்கு,

பதறாம படிங்க. நீங்க கொழும்புக்குப் போன பிறகு, தீபாவளிக்கு நம்ம செல்லாயிக்கு ஏழு வயசுப் புள்ளைங்க போடுற ஏழாம் நம்பர் கவுன் வாங்கினேன். போட்டா தோளை விட்டு வழியுது. போன வருசம் ஆறாம் நம்பரே இறுக்கிப் பிடிச்சுதே! கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறுதேன்னு ஆத்திரத்தோட அவளையும் கூட்டிக்கிட்டு இப்றாஹிம் நானா துணிக்கடைக்குப் போனேன்.

அவர் வேற கம்பெனி ஏழாம் நம்பரைப் போட்டுப் பார்த்தார். தொங்குச்சு. ஆறும் தொங்குச்சு. அஞ்சுதான் சரியா நின்னுச்சு.

"எல்லாக் கவுனுமா பிழை?"ன்னு கத்தினேன்.

நானா அளவு டேப்பைக் கீழே வச்சிட்டார். "தங்கச்சி, கவுன்ல பிழையில்ல. புள்ள உருகிப் போயிருக்கு. டாக்டர்கிட்ட காட்டுங்க."

விடியுமுன்னே பெரட்டுல பேர் குடுத்துக் கொழுந்தெடுக்கப் போய், இருட்டின பிறகு லயத்து வீட்டுக்கு வர்றவ நான். அன்னைக்குத்தான் பகல் வெளிச்சத்துல மகளைச் சட்டையில்லாம பார்த்தேன். விலா எலும்பை எண்ணலாம், மச்சான். அங்கேயிருந்து நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன்.

நெஞ்சுச் சளி முத்தியிருக்காம். நல்லவேளை இப்பவாவது கொண்டாந்தீங்கன்னார் டாக்டர். ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. இன்னைக்கு அரைக் கோப்பை கஞ்சி குடிச்சா.

"அப்பா எப்ப வருவாரு?"ன்னு கேட்டா. ரெண்டு நாள்லன்னு சொல்லிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க.

உங்கள் மனைவி