முடிவு கிழிந்த கதை

14-6-1937, திங்கள்
பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் மறுபடியும் என் தலையில். நான் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் கூட்டமாகத் திருப்பிச் சொல்ல, தெருக்கோடிவரை கேட்கும். "தென்காசியிலேயே நம்ம பிள்ளைகதான் இங்கிலீஷை வெளுத்து வாங்குது" என்று மேனேஜருக்குப் பெருமை.

இன்று எனக்கு ஒரு சந்தேகம். ஷமீம் பானு வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் புத்தகத்தில் இரண்டு தாளைத் தள்ளிப் புரட்டிவிட்டேன். அவள் பழைய பாடத்தையே நிற்காமல் சொல்லிக்கொண்டு போனாள், புதுப் பக்கத்தில் விரலை வேறு ஓட்டிக்கொண்டு! சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை.

அவள் உம்மா ஹாஜரா பீவி வாசலில் நின்று சொன்னது: "வயசுக்கு வந்துட்டான்னா படி தாண்ட விடமாட்டோம் டீச்சரம்மா. அதுவரைக்கும் வரட்டும்." அது நாளைக்கே இருக்கலாம். அப்புறம் அவளுக்கு யார் வரி வரியாகச் சொல்லித் தருவார்கள்? அதற்குள் ஒரே ஒரு கதையாவது அவள் தானாகப் படித்துவிட வேண்டும். எப்படி?

சாயங்காலம் அர்த்தம் கேட்க வந்தாள். என் வீட்டுக்கு வருகிற ஆள் அவள் ஒருத்திதான். சொந்த ஊர் ராயகிரியிலேயே இருந்திருந்தால் தாலியறுத்தவள் என்று ஒரு மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். இங்கே அந்த மூலைக்கு நானே வாடகை கொடுக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

20-6-1937, ஞாயிறு
குற்றாலத்தில் நல்ல சாரல். தனியாகப் போனேன். எல்லாரும் கூட்டம் கூட்டமாக. மாற்றுச் சேலையை யாரிடம் கொடுத்துவிட்டு அருவிக்குள் போவது? முன்பின் தெரியாத ஒரு ஆச்சியிடம் கொடுத்தேன். "ஏட்டி, கூட யாரும் வரலையா?" என்றாள். நேரே போய்த் தண்ணீரில் நின்றேன். அருவிக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்.

திரும்பும்போது குற்றாலிங்கம் கடையில் கடலை வாங்கினேன். பொட்டலத்தாளில் இங்கிலீஷ், கூடவே தொப்பி போட்ட ஒரு கரடிப் படம். சீசனுக்கு வந்த துரைமார் பங்களாவில் விட்டுப்போன பிள்ளைக் கதைப் புத்தகங்களாம். கடையில் ஒரு கட்டே கிடக்கிறது.

"அத வச்சு என்ன செய்யப்போறிய? நீங்களும் கடலை போடப்போறியளா?"

பதிலுக்குப் பழைய பேப்பர் தருகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தால், பாவி மனுஷன், எல்லாப் புத்தகத்தையும் பின்னாலிருந்து கிழித்திருக்கிறான். ஒரு கதைக்கும் முடிவு கிடையாது!

23-6-1937, புதன்
கரடிக் கதையை வகுப்பில் கொடுத்தேன். "நீங்களே படிங்க" என்றேன். முதல் சொல்லிலேயே எல்லாக் கண்ணும் என் வாயில். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. சொன்னேன். கரடி நீதிபதியின் தொப்பியைத் திருடியது, பிடிபட்டது, கோர்ட்டுக்கு வந்தது. அதோடு தாள் இல்லை.

"பொறவு என்ன டீச்சர்?"

"எனக்குத் தெரியாது."

நம்பவில்லை. டீச்சருக்குத் தெரியாத இங்கிலீஷும் உண்டா? நான் வேண்டுமென்றே மறைக்கிறேனாம். ஷமீமுக்குக் கோபம். சாயங்காலம் வரவில்லை.

24-6-1937
வந்தாள். முறுக்கு கொடுத்தேன். மிச்சத் தாளெல்லாம் குற்றாலத்தில் கடலைப் பொட்டலமாகப் போய்விட்டது என்றேன்.

5-7-1937, திங்கள்
இன்று நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

நேற்று பிள்ளைகள் வீட்டாரோடு குற்றாலம் போயிருக்கிறார்கள். குளிப்பதை விட்டுவிட்டுத் தரையில் கிடந்த கடலைத் தாளையெல்லாம் பொறுக்கியிருக்கிறார்கள். பாவாடை மடி நிறைய எண்ணெய்த்தாள்! வகுப்பு முழுக்கக் கடலை வாசம். தரையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்க்கிறார்கள், கரடி எங்கே என்று. என்னை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

"இது நம்ம கதை இல்ல டீச்சர்" என்று ஷமீம் ஒரு தாளைத் தள்ளினாள். "இதுல ஒருத்தி கப்பல்ல போறா."

"யாரு அர்த்தம் சொன்னா?"

"யாரும் சொல்லல. பாதி வெளங்கல டீச்சர். ஆனா கப்பல்ல போறான்னு வெளங்குது."

பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். பாதி விளங்காமலும் படிக்கலாம் என்று நான் இவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், சத்தத்தையே காணோம்? பாடம் நடக்குதா இல்லையா?"

நடக்குது சார்.

21-7-1937
ஷமீம் சாயங்காலம் வருவதை நிறுத்திவிட்டாள். கேட்க ஒன்றும் இல்லையாம். கரடியின் முடிவு கிடைக்கவில்லை, ஆனால் வேறு கதைக்குள் போய்விட்டாள்.

நீ இதுக்குத்தானே ஆசைப்பட்ட? பின்னே ஏன் வாசலையே பாத்துக்கிட்டு இருக்க? முறுக்கு நமுத்துப் போச்சு. மழை விடலை. பேசுறதுக்கு ஒரு ஈ காக்கா இல்ல.

18-8-1937, புதன்
ஷமீம் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. வயசுக்கு வந்துவிட்டாள். இனி வரமாட்டாள்.

29-8-1937, ஞாயிறு
பார்க்கப் போனேன். அவளை உள்ளேயே வைத்திருந்தார்கள், முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. ஹாஜரா பீவி நல்ல மனுஷிதான். தேங்காய்ப்பால் கொடுத்தாள். ஆனால் சொன்னாள்: "நீங்க வந்து பாடம் சொல்லிக்குடுக்க வேண்டாம் டீச்சரம்மா. அவ வாப்பாக்குப் பிடிக்காது."

கடலைக் கடையில் வாங்கியதில் கைக்கு வந்த கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். நீட்டவா வேண்டாமா என்று நின்றேன். ஹாஜரா பீவியே வாங்கிக்கொண்டாள்.

"இது கெடந்துட்டுப் போகுது. சொல்லிக்குடுக்க ஆளில்லாம என்னத்தப் படிக்கப்போறா? சும்மா பொரட்டிக்கிட்டு இருப்பா."

ஆமாம் என்று தலையாட்டினேன். என் ஆயுசில் இவ்வளவு கெட்டியாக வாயை மூடியதில்லை.

26-9-1937
ஒரு சேதியும் இல்லை. புத்தகத்தை அடுப்பில் போட்டிருப்பார்களோ?

24-10-1937, ஞாயிறு
ஹாஜரா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சரம்மா, எம் மவளுக்கு என்னமோ ஆயிட்டு. அந்தப் புஸ்தகத்தப் பாத்துப் பாத்துச் சிரிக்கா."

"படத்தைப் பாத்துச் சிரிச்சிருப்பா."

"படமே இல்லாத பக்கம்! நேத்து சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துட்டு. கேட்டா ஒண்ணுமில்லைங்கா. தண்ணி ஓதிக் குடுக்கட்டுமா?"

எப்படியோ சமாளித்துச் சொன்னேன்: "ஒரே புஸ்தகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா அப்படித்தான். ரெண்டு மூணு மாத்தி மாத்திப் பாக்கணும்."

"அப்போ வேற இருந்தா குடுங்க" என்றாள்.

மிச்சப் புத்தகங்களைக் கட்டோடு எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் போனபின் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். சிரிக்கவும் செய்தேன், ரெண்டும் சேந்தாப்பில.

அவளிடம் இருக்கிற அந்தப் புத்தகத்தை நான் படித்ததே இல்லை. எந்த இடத்தில் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது.