வாயால் சொன்னதும் எழுத்தில் கொடுத்ததும்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்குப் பாட்டி எழுதுவது.

உன் அண்ணன் வங்கியில் அதிகாரி ஆகிவிட்டான். அத்தை மகள் பல் டாக்டர். வந்ததும் என் வாயைத்தான் திறக்கச் சொன்னாள், மிச்சம் இருப்பதே நாலு. சின்னவனுக்கு ஓட்டத்தில் கோப்பை. ஆனாலும் வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது உன் படத்தைத்தான். கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறாயே, அது. ஜப்பான்கார மேலாளர் பேச்சை இவள்தான் தொழிலாளிகளுக்குச் சொல்லுவாள், அவர்கள் பேச்சை அவருக்கும் இவள்தான் என்று பெருமையடித்தே தொண்டை கட்டிவிட்டது.

ஜப்பான் மொழிப் பரீட்சைக்கு என்ன படிக்கிறாய்? எனக்கும் இரண்டு வார்த்தை எழுது. பால்காரரிடம் பீற்றிக்கொள்ள வேண்டும்.

பாட்டி

மார்ச் 19

அன்புள்ள பாட்டிக்கு,

'கோதோ' என்றால் வாயால் சொல்வது. 'ஷோமென்' என்றால் எழுத்தில் கொடுப்பது. பரீட்சைக்குப் படித்தது வேலைக்கே வந்துவிட்டது.

தகடு அழுத்தும் மெஷினில் தடுப்புக் கதவு உடைந்திருப்பதாக, அதில் வேலை செய்யும் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். மேலாளரிடம் சொன்னேன், தலையாட்டினார். திங்கட்கிழமை அந்த மெஷின் பெரியவரை இழுத்துக்கொண்டது. போய்விட்டார், பாட்டி.

மேலாளர் ஒரு தாளை நீட்டினார். கோதோவாகவும் ஷோமெனாகவும் எந்தப் புகாரும் வரவில்லை என்று இருந்தது. பயத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பெரியவரின் மனைவி கம்பெனி வாசலில் நிற்கிறார். "உன்கிட்ட சொல்லியிருக்கேன்னு சொன்னாரேம்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன். அடுத்த மாதம் விசாரணை.

உங்கள் பேத்தி

ஏப்ரல் 1

வாயாடிக்கு,

பால்காரர், "பேத்தி என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை.

வேலை போய்விடும் என்று எனக்கும் தெரியும். அந்த வேலையைக் காட்டித்தானே நான் தெருவில் நிமிர்ந்து நடந்தேன். ஆனால் அந்த அம்மாவுக்கு உன்னை விட்டால் சாட்சி யார்? பெரியவர் உன்னிடம் சொன்னதையும், நீ மேலாளரிடம் போய்ச் சொன்னதையும், பயந்து கையெழுத்துப் போட்டதையும் விசாரணைக்கு முன்னால் ஷோமெனாகவே எழுதிக் கொடு. பிறகு இங்கே வந்துவிடு. உன் தட்டு கழுவித்தான் இருக்கிறது.

உன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். ஆணி அப்படியே இருக்கிறது. எழுதிக் கொடுத்த பிறகு, கழுத்தில் அந்த அட்டை இல்லாமல் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு.